சுயம்பு அண்ணாச்சியின் தலைப்பாகை

வாழைக்குலை வியாபாரி சுயம்பு அண்ணாச்சி துண்டை இருமுறை உதறி, நெற்றியில் வைத்து, மூன்றே சுற்றில் தலைப்பாகை கட்டிவிடுவார். அய்யாவழிக்காரர், கோயிலான பதியில் கும்பிடக் கட்டுவதைச் சந்தையிலும் அவிழ்ப்பதில்லை.

ஐம்பத்துநாலில், எங்கள் பகுதி மலையாள ஆட்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கருங்கல் ஊர்ச் சந்தைக்கு ஊர்வலம் போனோம். தலைவனுக்குரிய குணங்களைப் பற்றிப் புதுக்கவிதை எழுதி வைத்திருந்த நான், கூச்சத்தோடு முன்வரிசையில் நடந்தேன். போலீஸ் லாரி வந்ததும் கூட்டம் சிதறியது. ஓட்டத்திலும் நான்தான் முன்வரிசை.

திரும்பிப் பார்த்தால், அண்ணாச்சி மட்டும் நடுரோட்டில் நின்று, சரிந்த தலைப்பாகையை மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடிப்பதற்குள் ஒவ்வொருவராக அவர் பின்னால் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக நான்.

“ஏலே கவிராயா, வந்தியா?” என்றார்.

லாரி ஒதுங்கிக்கொள்ள, ஊர்வலம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிரவே கவிதையில் ‘வீரம்’ என்றிருந்ததை ‘நிதானம்’ என்று திருத்தினேன்.

பிறகொரு நாள் அதை அவர் மனைவி அன்னக்கிளி மதினியிடம் படித்துக் காட்டினேன். மதினி சிரித்துவிட்டார்.

“நெதானமா? கை கிடுகிடுன்னு வெறச்சதுல துண்டே நிக்கல்லன்னு அவியளே சொன்னாவ மக்கா.”