ஃபேன் சத்தத்தை எடுக்கப் போய்

என் குரல் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. என் கழுத்தில் இல்லை. தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைத்த வாய் இது. ஆவடியில் பாதிப் பேருக்கு உன் சத்தம் தெரியும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இப்போது யாரிடமாவது பேச வேண்டுமென்றால் கை தட்டிக் கூப்பிட்டு, போனில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார். வீட்டில் பேசுவதையெல்லாம் சின்னச் சின்னதாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்க ஆசையாக இருக்கும் என்றார். ஆசையாம்! ஆனாலும் செய்தோம். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் எங்கள் ஃப்ளாட். அதற்குள் என் வீட்டுக்காரர் போனை நீட்டிக்கொண்டு என் பின்னாலேயே வளைய வந்தார். மகளைச் செல்லப் பெயரில் கூப்பிட்டேன். தண்ணீர்ப் பால் ஊற்றுகிற பால்காரரைக் காய்ச்சினேன். சாப்பிட வாங்க என்றேன். எல்லாம் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு அளவுதான். அவர் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அக்கவுண்ட்ஸ் வேலையில் ஊறிய மனிதர், எதற்கும் இரண்டு பிரதி வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி அதிலும் நகல் எடுத்து பீரோவில் வைத்தார். இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று போனில் இருந்ததை அழித்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு தினமும் உட்கார்ந்து அவற்றைக் கேட்பார். நான் அடுப்படியில் நிற்பேன், ஹாலில் என் குரல் சாப்பிட வாங்க என்னும். எரிச்சலாக வரும். நிறுத்தச் சொல்லவும் மனம் வராது, ஏனென்றால் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கு ஒரே ஒரு குறை. பதிவு முழுக்க ஃபேன் ஓடுகிறது. அந்த இரைச்சலை எடுத்துவிட்டால் தெளிவாக இருக்கும், மகளுக்கும் அனுப்பலாம் என்று ஆரம்பித்தார். அதற்கென்று இருக்கிற சாஃப்ட்வேருக்குக் காசு கட்ட வேண்டும். ஓசியில் கிடைக்கிறது என்றால் என் வீட்டுக்காரருக்குத் தனிச் சந்தோஷம். அதையே பூட்டை உடைத்து இலவசமாகப் போட்டிருந்த ஒரு சைட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இறக்கியதுமே ஆன்டிவைரஸ் சிவப்பாக எச்சரித்தது. கூட வந்த குறிப்பிலோ, முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும் என்று இருந்தது. நான் வருகிறேன், வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவை என்று திருடன் சொல்கிற மாதிரி. கை தட்டினேன்.

"அது அப்படித்தான் கத்தும்," என்று திரும்பாமலே சொன்னார். "உடைச்ச சாஃப்ட்வேர்னா அதுக்குப் பிடிக்காது."

அவசரமாகப் போனை எடுத்தேன். ஈரக் கையில் எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. வேண்டாம் என்று அடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுவதற்குள் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டாலை அமுக்கிவிட்டார். ஒரு அதட்டு போதும், கையை எடுத்திருப்பார். எத்தனை வருஷமாக அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு அதட்டு இல்லாமல் போயிற்று.

விண்டோஸ் அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரு பெட்டி வந்தது. மனிதர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். அது அப்டேட்டே இல்லை, வெறும் போலித் திரை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஃபைல் ஃபைலாகப் பூட்டிக்கொண்டே போயிருக்கிறது. மெஷின் இரைந்தது. மகள் கல்யாணப் படங்கள் வெள்ளைக் காகிதம் மாதிரி ஆயின. ஒவ்வொரு பெயருக்கும் வாலாக அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் நெட்டையும் கரண்டையும் பிடுங்கியிருந்தால் மிச்சம் மீதியாவது தப்பியிருக்கும். எங்களுக்கு யார் சொன்னார்கள்? பதறிப்போய் அவர் அடுத்துச் செய்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நகல் பத்திரமாக இருக்கிறதா பார்ப்போம் என்று பீரோவிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவந்து அதே கம்ப்யூட்டரில் சொருகினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போயிற்று.

எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் இங்கிலீஷில் ஒரு கடிதம். உங்கள் ஃபைல்களைப் பூட்டியிருக்கிறோம், சாவி வேண்டுமென்றால் பணம், சீக்கிரம் கொடுத்தால் பாதி. தள்ளுபடி வேறு, பாழாய்ப் போகிறவன்களுக்கு! கட்டிவிடலாம் என்று இவர் கிளம்பிவிட்டார். புனேயில் இருக்கிற மகள் போனில் சத்தம் போட்டுத் தடுத்தாள். கொடுத்தாலும் சாவி வரும் என்று எந்த நிச்சயமும் இல்லை, கொடுக்கிற ஆள் என்று தெரிந்தால் மேலே மேலே கேட்பான் என்றாள். பூட்டிய ஃபைல் ஒன்றையும் அந்தக் கடிதத்தையும் வாங்கி, இலவசச் சாவி எதற்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கிற சைட்டில் போட்டுப் பார்த்தாள். இந்த வகைக்கு இப்போதைக்கு இல்லை, என்றைக்காவது வரலாம், அதனால் எதையும் அழிக்க வேண்டாம் என்று பதில் வந்தது. சைபர் போலீஸுக்குப் புகாரை நானே எழுதினேன். எழுதுவதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம்.

அம்பத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவரை வரவழைத்தோம். பூட்டிய ஃபைல்களையெல்லாம் தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு வைரஸைச் சுத்தமாக நீக்கினார். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளையும் திருடியிருக்கும், போனிலிருந்து உடனே மாற்றுங்கள் என்றார். வைரஸ் போனதால் பூட்டு திறந்துவிடாது என்பதையும் அவரே சொன்னார். இவர் விடாமல் கெஞ்சவே, அந்த மனிதர் ஃபைல்களின் அளவை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சின்னது எல்லாம் முழுசா பூட்டிகினு கீது சார், அத்த ஒண்ணியும் பண்ண முடியாது. பெரிய ஃபைலுன்னா தலைய மட்டும்தான் பூட்டும், மிச்சம் அப்டியே கீது. இந்த வாய்ஸ் ஃபைலுல ஒண்ணே ஒண்ணு பெருசா கீது. பாக்கட்டா?"

சின்னச் சின்னதாகத்தானே பதிவு செய்திருந்தோம். பெரியதாக எது? ஒன்றாவது மிஞ்சியதே, கடவுளே என்று எனக்கு இருந்தது. என் வீட்டுக்காரரோ முகம் செத்துப்போய், அது வேண்டாம், அது ஒன்றுமில்லை என்றார். நான் மேஜையைத் தட்டினேன். போடச் சொல்லித் திரும்பத் திரும்பத் தட்டினேன்.

பூட்டியிருந்த தலைப் பகுதியை ரிப்பேர்காரர் வெட்டிவிட்டதால் பாதிப் பேச்சிலிருந்து ஆரம்பித்தது. ஃபேன் சத்தம், அதற்கு மேலே என் குரல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலை. இவர் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அணைக்க மறந்திருக்கிறார்.

"...வேணாம்னு சொல்றேன்ல. பேச்சு இல்லாம கெடக்கறதுக்குச் செத்தே போறேன். உங்களுக்கு என்ன? வடிச்சுக் கொட்ட ஒரு ஆள் வேணும். அதுக்குத்தானே என்னை உயிரோட வெச்சிக்கப் பாக்கறீங்க?"

ஃபேன் ஓடியது. பிறகு அவர் அழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ரிப்பேர்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் தன் பைக்குள் எதையோ தேடினார். அந்தப் பேச்சு காற்றோடு போயிற்று என்று நான் நினைத்திருந்தேன். இவர் இத்தனை நாளும் என்னிடம் சொல்லாமல் அதை வைத்திருந்திருக்கிறார்.

அழித்துவிடுங்கள் என்று எழுதிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் மவுஸ் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"இருக்கட்டும்டி. வேற என்ன இருக்கு?"

மாலையில் மகள் கூப்பிட்டு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு கம்ப்யூட்டரை ஹாலிலிருந்து படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டார், சில நாள் அந்தக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே அதைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அன்றைக்குப் பயத்தில் உளறினேன், மனசில் இருந்து சொல்லவில்லை, நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை என்று போனில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். சரி என்று தலையை ஆட்டிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.