ஹோல் லைற்றின் சிவப்பு வயர்

மாரி மழை தொடங்குமுன் அந்தக் கார் ஓட வேண்டும் என்று மாமா சொன்னார். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஏ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று ஒருவருக்கும் தெரியாமல், சண்டிலிப்பாயில் வெங்காயத் தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டு றேடியோவை நான் மூன்றாம் தரம் கழற்றியபோது அப்பா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டார். அப்படி இருந்தவளிடம் ஒரு முழுக் காரைத் திருத்தத் தந்தால் எப்படி நித்திரை வரும்?

மாமா எங்களுக்கு உறவில்லை, பக்கத்து வளவுக்காரர். கொழும்பில் வரைபடம் கீறும் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இளந்தாரியாக இருந்தபோது, நாட்டை விட்டுப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய கார் அவருடைய கொட்டிலில் நின்றது. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, மடித்து வைக்கிற துணிக்கூரை, இரண்டே இரண்டு இருக்கை. ஊரில் ஓடிய மற்றப் பழைய கார்கள் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போயின. இது பந்தயத்துக்குச் செய்த கார். ஒருவருக்கும் உதவாத கார் என்பது மாமியின் தீர்ப்பு.

"கலியாணம் முடிஞ்ச புதிசிலை ஒருநாள் ஏத்தினவர், பிள்ளை. கீரிமலைக்குப் போய்ச் சேரேக்கை கொண்டையும் இல்லை, பூவும் இல்லை. பிறகு நான் அதைத் திரும்பியும் பாக்கேல்லை."

அந்த மாமிக்குத்தான் இப்போது கார் தேவைப்பட்டது. அவருக்கு முட்டு வருத்தம். மழை பெய்து நிலம் குளிர்ந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். போன மாரியில் அப்படி வந்தபோது ஊரில் இருந்த ஒரே வாடகைக் கார் எங்கோ போயிருந்தது. மாமா மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் இருக்கச் சால்வையால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, பட்டினத்துப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் மிதித்தார். போய்ச் சேர்ந்தபோது மாமியின் உதடு நீலமாக இருந்ததாம். டொக்டர் மாமாவைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தரம் இவ்வளவு பிந்தினால் தன்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மாமி இல்லாத நேரம் மாமா இதை எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் காரின் மூடியைத் தூக்கினார்.

என்ஜின் பழுதில்லை. ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் சுகமாகச் சுற்றியது. ஆனால் வயர்கள் போய்விட்டன. காரின் முன்மூக்கிலிருந்து பின் லைற் வரை ஒரே கட்டாகப் போகிற அந்த வயர்க்கோப்பு முழுவதையும் எலி தின்றிருந்தது. எலி விட்ட இடத்தில் றப்பர் காய்ந்து, தொட்டால் புகையிலைத் தூள்போல உதிர்ந்தது. துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுச் சரிவராது. முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

எதனால் கட்டுவது? சண்டைக் காலத் தடையால் தெற்கிலிருந்து வயரும் வராது, பற்றரியும் வராது. கடைகளில் ஒரு முழம்கூடக் கிடையாது. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, மாமா கொட்டிலை விட்டு வெளியே வந்து தன் வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"உதுக்குள்ளை கிடக்கிற வயர் முழுக்கச் சும்மாதானே கிடக்குது," என்றார்.

கரண்ட் போய் இரண்டாவது வருடம். சுவரில் சுவிச்சுகள் இருந்தன, முகட்டில் பல்புகள் தொங்கின. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். கழற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் வெளியே சொல்லவில்லை.

மாமி ஒரே சொல்லில் மறுத்தார். "ஏலாது."

"இஞ்சேர், உமக்காகத்தானே கேக்கிறன்."

"எனக்காக வீட்டைக் குருடாக்க வேண்டாம். நாளைக்குக் கரண்ட் வந்தால்?"

"எந்த நாளைக்கு?"

மாமிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பின்னேரம் சாமிக்கு விளக்கு வைத்து, திருநீறு பூசி, அந்தக் கையோடு வந்து நடு வீட்டு ஹோல் லைற்றின் சுவிச்சைப் போடுவார். காலையில் எழுந்து நிறுத்துவார். கரண்ட் வருகிற நேரத்தில் தான் நித்திரையாக இருந்துவிடக் கூடாது, வெளிச்சம் முகத்தில் பட்டு எழும்ப வேண்டும் என்பார். இதைக் கேட்டுச் சிரிக்க எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் உரிமை இருக்கவில்லை. எங்கள் அம்மாவும் குசினிச் சுவிச்சைப் போட்டபடியேதான் விட்டிருந்தார்.

இரண்டு நாள் மாமாவும் மாமியும் கதைக்கவில்லை. பிறகு ஒரு தீர்ப்பு வந்தது. அறைகள், குசினி, விறாந்தை எல்லாவற்றிலும் எடுக்கலாம். ஹோலைத் தொடக் கூடாது.

நான் குழாய்களுக்குள்ளிருந்து வயரை இழுத்தெடுத்தேன். சிவப்பும் கறுப்பும். கணக்குப் பார்த்தேன், போதும்போல இருந்தது. வீட்டுக்கு என்றால் கரண்ட் போக ஒரு வயர், வர ஒரு வயர். காரில் திரும்பி வருகிற வேலையைத் தகர உடம்பே பார்த்துக்கொள்ளும். பழைய கோப்பைக் குடல் எடுக்கிறதுபோல முழுதாக எடுத்து, கழற்றிப்போட்ட ஒரு பழைய கதவில் வளைவு பிசகாமல் கிடத்தி, அது திரும்புகிற இடமெல்லாம் ஆணி அடித்தேன். இனி அந்த ஆணிகளின் வழியே புது வயரை ஓட்டிக் கட்டினால் அச்சாக அதே வடிவம் வரும்.

ஆனால் பழைய கோப்பில் பச்சை, வெள்ளை, மண்ணிறம், ஊதா என்று பத்து நிறம் இருந்தது. என்னிடம் இரண்டு. கட்டி முடித்த பிறகு எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு வழி சொன்னவள் என் சிநேகிதி. ரியூசனில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். குருநகர்ப் பிள்ளை. கரையில் இருக்க முடியாமல் இடம்பெயர்ந்து வந்து மானிப்பாய்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். கடலுக்குப் போகத் தடை என்பதால் தகப்பன் வலையைச் சுருட்டிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். அந்த வீட்டிலிருந்து நைலோன் நூல் கொண்டுவந்தாள். வயர் சுற்றி ஒட்டுகிற ரேப் இல்லாத குறைக்கு அதனால் கோப்பைச் சுற்றிக் கட்டலாம் என்பது என் எண்ணம்.

கதவைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். "என்னடி இது, கதவுக்குச் சிலுவைப்பாடு நடத்தியிருக்கிறாய்?"

"சும்மா இருந்து கட்டடி."

"சிவப்பு ஆறு, கறுப்பு ஏழு. இதிலை லைற் எது, ஹோர்ண் எது? உன்ரை பிசிக்ஸ் என்ன சொல்லுது?"

"அதுதான் யோசிக்கிறன்."

"யோசி யோசி. மாரி வந்திடும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எங்கடை ஆக்கள் இருட்டிலை வலையைக் கண்ணாலையே பாக்கிறவை? கையாலை தடவித்தான். முடிச்சுப் போடுவம். வயருக்கு வயர் எண்ணிப் போட்டால் சரி."

அப்படியே செய்தோம். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் நூல் முடிச்சு. லைற்றுக்கு இரண்டு, ஹோர்ணுக்கு மூன்று, மழை துடைக்கிற வைப்பருக்கு நாலு. கார்த் திறப்புப் போடுகிற இடத்திலிருந்து என்ஜினுக்குப் போகிற வயருக்கு ஒரே ஒரு முடிச்சு, ஆனால் பெரிசு என்று கணக்கு வைத்தோம்.

"ஏன் அதுக்கு மட்டும் ஒண்டு?" என்று கேட்டேன்.

"அவசரத்திலை ஆரடி எண்ணிக்கொண்டு இருக்கிறது?"

அந்த ஒரு முடிச்சுப் போட வேண்டிய வயர்தான் கடைசியில் இல்லாமல் போயிற்று. மற்றதெல்லாம் கட்டி முடிய, அதற்கு நீளம் இல்லை. விறாந்தையில் எடுத்த துண்டுகள் காய்ந்து வெடித்திருந்தன. இரண்டு துண்டை முறுக்கி ஒட்டுப்போட எனக்கு மனமில்லை. அது நின்றால் கார் நிற்கும். எங்கள் வீட்டு வயரைக் கேட்டேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பிளைப் பிள்ளை காருக்குக் கீழை கிடக்கிறாய் எண்டு ஊர் கதைக்குது. அதையே நான் பொறுத்துக்கொண்டு இருக்கிறன். வீட்டை உரிக்கவும் வேணுமோ?"

அன்று பின்னேரம் வடக்கே வானம் கறுத்தது. முதல் குளிர்காற்று வந்தது. நான் கொட்டிலில் வெறுங்கையோடு நின்றேன். மாமி விளக்கு வைத்துவிட்டு ஹோலுக்குள் வந்தது யன்னலால் தெரிந்தது. சுவிச்சுக்குக் கையை உயர்த்தினார். போடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை எடுத்தார். அந்த இழுப்பு கொட்டில் வரைக்கும் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஸ்ரூலைக் கொண்டு வா. இதையும் எடு."

"மாமி, வேறை எங்கையும் கேட்டுப் பாக்கிறன்."

"கேட்டுக் கேட்டு நிக்க மழை வந்திடும். கரண்ட் வந்தால் உங்கடை வீட்டைப் பாத்து அறிவன்தானே." சிறிது நின்று, "மெதுவா இழு. சுவர் உடைஞ்சு போகும்," என்றார்.

நான் இழுத்தேன். நல்ல வயர், புதிதுபோலச் சிவப்பாக, ஒட்டில்லாமல் வந்தது. அடுத்த நாள் சிநேகிதி அதன் இரு முனையிலும் அந்தப் பெரிய முடிச்சைப் போட்டாள்.

உழவு மிசின் வைத்திருந்த ஒருவரிடம் பழைய பற்றரி ஒன்றை மாமா இரந்து வாங்கினார். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு, ஹாண்டிலைச் சுற்ற, என்ஜின் பிடித்தது. பெற்றோலும் கிடைக்காத காலம் என்பதால் உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். வெள்ளைப் புகை வளவை மூடியது. சிநேகிதி கை தட்டினாள். மாமா காருக்குள் இருந்தபடி ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். மாமி குசினி வாசலில் நின்று மூக்கைப் பொத்தினார்.

கார்த்திகையில், மூன்றாம் நாளாக மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், வேலிக்கு மேலால் மாமாவின் குரல் கேட்டது. ஓடினேன். மாமி முன்னால் குனிந்து இருந்தார். கழுத்து நரம்பு கயிறுபோல எழும்பி நின்றது. ஏற்றினோம். "நீயும் ஏறு பிள்ளை, வயரிலை ஏதும் வந்தால்," என்றார் மாமா. இருக்கைகளுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடத்தில் மடங்கி இருந்தேன். துணிக்கூரையின் ஓட்டையை உரப்பையால் மூடியிருந்தோம். அதையும் மீறி என் முதுகில் ஒழுகியது.

மானிப்பாய் தாண்டும்வரை ஓடியது. வைப்பர் ஆடியது, லைற் எரிந்தது. ஆனைக்கோட்டைக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் வயல்வெள்ளம், தெருவெல்லாம் குழி, கிடங்கு. ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியதும் என்ஜின் நின்றது. லைற் எரிகிறது, என்ஜின் இல்லை. மழைச் சத்தத்துக்குள் மாமியின் இழுப்பு மட்டும்.

மாமா திறப்பைத் திருப்பினார், திருப்பினார். "பிள்ளை," என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

இறங்கி முன்னுக்கு வந்தேன். மாமியின் கால்களை ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தக் காலடிக்குள் தலையை விட்டுக் குந்தினேன். திறப்புக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. தடவினேன். மூன்று முடிச்சு, இரண்டு முடிச்சு. பிறகு பெரிய முடிச்சு ஒன்று, முனையில் ஒன்றும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டிய திருகாணியடியில் முறிந்திருந்தது. தடித்த மூன்று இழையை முறுக்கிச் செய்த வீட்டு வயர் அது. சுவருக்குள் அசையாமல் கிடந்து பழகியது. எத்தனை அம்பியர் தாங்கும் என்று பார்த்தேன், எவ்வளவு நடுக்கம் தாங்கும் என்று பார்க்கவில்லை.

முறுக்கிப் பூட்ட நீளமும் இல்லை, நேரமும் இல்லை. முறிந்த முனையை ஆணியோடு சேர்த்து விரலால் அமத்தினேன். "சுத்துங்கோ மாமா!"

அவர் மழைக்குள் இறங்கி ஹாண்டிலைச் சுற்றினார். பிடித்தது.

அப்படியே போனோம். நான் மாமியின் காலடியில் குந்தியபடி, கையை மேலே விட்டு அந்த முனையை அமத்திக்கொண்டிருந்தேன். கிடங்கில் விழும்போதெல்லாம் விரல் வழுக்கும், என்ஜின் ஒரு தரம் விக்கும், மீண்டும் அமத்துவேன். என் தலைக்கு மேலே மாமியின் மூச்சு. ஒன்று எடுத்து, மற்றது வருமா வராதா என்று இருக்கும். வரும். அவருடைய கை என் தோளைத் தேடிப் பிடித்தது.

"கையை... எடு பிள்ளை," என்றார். "கரண்ட்... அடிக்கும்."

"அடிக்காது மாமி. இது பன்னிரண்டு வோல்ற்றுத்தான்."

அவர் நம்பவில்லை. என் கையை இழுத்துப் பார்த்தார். இழுக்கப் பலம் இருக்கவில்லை. பிறகு தோளைப் பிடித்தபடியே விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்ற பிறகும் என் விரல் மடங்கியபடியே இருந்தது. மாமியை உள்ளே கொண்டுபோனார்கள். மாமா சால்வையைப் பிழிந்துகொண்டு வெளியே நின்றார். வெகுநேரத்துக்குப் பிறகு தாதி ஒருவர் வந்து, "நேரத்துக்குக் கொண்டு வந்திட்டியள்," என்று சொன்னார். மாமா காருக்குப் போய் அதன் ஈரமான மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மாமி வீட்டுக்கு வந்த கிழமை நான் காரில் அந்த ஒரு வயரை மாற்றினேன். மாமியின் இஸ்திரிப்பெட்டியில் இருந்த மெல்லிய இழை வயரை வெட்டிப் போட்டேன். எப்படி வளைத்தாலும் முறியாது. கழற்றிய சிவப்பு வயரைச் சுருட்டிக்கொண்டு போய் மாமியிடம் நீட்டினேன்.

"இதை என்ன செய்யிறது மாமி?"

அவர் கதிரையில் சாய்ந்திருந்தார். வயரைப் பார்க்கவில்லை, முகட்டைப் பார்த்தார். "இருந்த இடத்திலை போட்டு விடன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர்தான் ஸ்ரூலைக் கொண்டுவந்தார்.

குழாய்க்குள் வயரை மெதுவாக விட்டேன். சிநேகிதியின் முடிச்சை அவிழ்க்கவில்லை, அது உள்ளே போயிற்று. முறிந்த பக்கம் சிறிது குறைந்தது, ஒரு துண்டு வைத்துக் கட்டினேன். எங்கிருந்தும் எதுவும் வரப்போவதில்லை என்று தெரிந்தும், கரண்ட் வருகிற வீட்டுக்குக் கட்டுகிறதுபோல ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கினேன்.

மாமி எழுந்துபோய் விளக்கு வைத்தார். திருநீற்றோடு வந்து சுவிச்சைப் போட்டார். மூன்று பேரும் அண்ணாந்து பல்பைப் பார்த்தோம். அதில் ஒரு சிலந்தி இழை ஓடியது. வெளியே மழை விட்டிருந்தது. மாமியின் மூச்சு, இழுப்பில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.