கால் மாறும் நொண்டல்

மகள் படிப்பதற்காகச் சென்னைக்குப் போன வருடம், ஆரல்வாய்மொழி வீட்டில் நானும் என் கணவரின் அக்காவும் மட்டும் மிஞ்சினோம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. எங்கள் வீடு ஊரை விட்டுச் சற்று விலகி வாழைத்தோப்புக்குள் இருக்கிறது. ஆனி, ஆடிக் காற்று வீசும்போது வாசலில் நின்று யாராவது கூப்பிட்டாலும் அடுக்களைக்குக் கேட்காது. அந்த ஆடியில் எங்கள் சாலை முக்கிலுள்ள வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். செய்தி கேட்ட கணவர், திருவனந்தபுரத்திலிருந்த தன் நண்பர் மூலம் ஒரு நாய்க்குட்டிக்குச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிவித்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் நாயின்னா பயம்லா அத்தான்" என்றேன்.

"இது சும்மா நாயில்ல. காவலுக்குன்னே உள்ள சாதி."

வந்தது ஒரு புல்மாஸ்டிஃப் குட்டி. மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் தெருவில் திரியும் வளர்ந்த நாய் அளவுக்கு இருந்தது. முகம் கருப்பு. நெற்றி முழுக்கச் சுருக்கம். எதைப் பார்த்தாலும் விளங்காமல் யோசிப்பது போன்ற முகம். அதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரவெல்லாம் குறட்டை விட்டது. போகிற இடமெல்லாம் எச்சில் ஒழுக்கியது. குரைக்க மட்டும் செய்யவில்லை. பால் கறப்பவர் வந்தாலும், வாழைக்குலை வெட்ட ஆள் வந்தாலும், எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

கணவரிடம் சொன்னேன். "அந்தச் சாதி அப்பிடித்தான். சத்தங்காட்டாம வந்து மறிச்சு நிக்கும்" என்றார்.

"அப்ப கள்ளன் வந்தா நமக்கு எப்பிடித் தெரியும்?"

"கள்ளன் கத்துவான்லா" என்றார்.

கணவரின் அக்காவை நான் மைனி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிவிட்டது. இடது கையைத் தொடையில் ஊன்றி, ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் காலைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பேசமாட்டார், அதனால் நானும் பேசமாட்டேன்.

நாயை முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "சவத்துக்கு மோந்தயப் பாரு" என்று அதன் முகத்தைக் காட்டிச் சொன்னார். ஆனால் அது வந்த வாரமே மெஷினுக்கு அடியில் போய், அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மெஷின் ஓடும்வரை எழும்பாது. கணவர் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். அது எங்கள் வாயில் நுழையவில்லை. மைனி "மக்கா" என்று கூப்பிட்டார், அது திரும்பிப் பார்த்தது, அத்தோடு பெயர் பிரச்சினை தீர்ந்தது. மைனி துணி காயப்போடப் போனாலும், மாட்டுத்தொழுவத்துக்குப் போனாலும், அது பின்னாலேயே போனது.

எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது ஒருநாள் காலையில் படுத்த இடத்திலிருந்து எழுந்து, பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நின்றது. இடது பின்னங்கால். முள் ஏறியிருக்குமோ என்று பாதத்தை விரித்து விரித்துப் பார்த்தேன். முள் இல்லை, வீக்கம் இல்லை, காயமும் இல்லை. மறுநாள் ஊன்றியது, ஆனால் நொண்டியது. அன்று முழுவதும் அப்படியே நடந்தது.

பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்கீரை பறிக்க வந்தவர், முற்றத்தில் மைனியும் பின்னால் நாயும் போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வளக்கியவங்களப் பாத்துத்தானே எதுவும் படிக்கும். எங்க மாமா எந்நேரமும் வெத்தல போடுவாரு. அவரு நாயும் வாய மென்னுக்கிட்டே கெடக்கும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, கீரையை உருவிக்கொண்டே சொன்னார். மைனி உள்ளே போய்விட்டார். அன்று மெஷின் சத்தமே கேட்கவில்லை.

அந்தப் பேச்சை நான் உடனே தள்ளிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், அது மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மைனியும் நாயும் தொழுவத்துக்குப் போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரே சாய்வு. அவர் சாயும்போது அதுவும் சாய்ந்தது. அதற்குமேல் பார்க்க முடியாமல் அடுக்களைக்குள் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினேன்.

அன்று மத்தியானம் மைனி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நாய் கதவுக்கு வெளியே படுத்து, மனிதர் மாதிரிப் பெருமூச்சு விட்டது.

"மக்காவுக்கு சோறு வைக்கலியா மைனி?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு நீ பாத்துக்க" என்றார் உள்ளேயிருந்து. பிறகு மெதுவாக, "அது என்னையே பாத்துக்கிட்டு கெடக்காண்டாம்" என்றார்.

"அப்பிடியெல்லாம் இருக்காது."

"உனக்குத் தெரியுமா?"

நான் சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, கதவுக்கு இந்தப் பக்கமே நாய்க்கு வைத்தேன்.

அதன்பிறகு யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்த கணவர், "இடுப்பெலும்பு கோளாறு, பெரிய நாய்களுக்கு வருமாம், யூடியூபில பாத்தேன்" என்றார். நான் வேலை பார்க்கும் ஆபீஸில் ஒருவர் உண்ணிக்காய்ச்சல் என்றார். கால்நடை மருந்துக் கடையில், உடம்பு கனத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று சொல்லி ஒரு டானிக் கொடுத்தார்கள். எனக்கு எல்லாமே சரியாகத்தான் பட்டது. யார் பேசினாலும் அவர் பேசி முடிக்கும்வரை நம்பினேன். விளக்கெண்ணெய் தடவினேன், டானிக் கொடுத்தேன், ஆட்டுக்கால் வாங்கிச் சூப் வைத்தேன். ஒரு வாரத்தில் நொண்டல் நின்றது. டானிக்குதான் காரணம் என்று இன்னொரு பாட்டில் வாங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து வாசல் கேட்டைத் திறந்தால், நாய் மறுபடியும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு நன்றாகப் பார்த்தேன். வேறு காலாக இருந்தது.

"மைனி, இங்க கொஞ்சம் வாருங்க."

அவர் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றார். "எந்தக் காலு?"

"முன்னங்காலு. வலது."

"நல்லாப் பாத்தியா?"

"நீங்களே வந்து பாருங்க."

கதவைத் திறந்து வெளியே வந்தார். நாய் அவரைப் பார்த்ததும் வலது முன்காலைத் தூக்கிப் பிடித்தபடி மூன்று காலில் தத்தித் தத்தி ஓடிவந்தது. மைனி அதையும் பார்த்தார், தன் வலது கையையும் விரித்துப் பார்த்தார். "எனக்குக் கையில ஒரு கொறையும் கெடயாது, கேட்டியா" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாய் அவர் மடியில் தலையை வைத்து எச்சில் ஒழுக்கியது. நானும் சிரிக்க வேண்டுமா, ஒருவேளை அவர் அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

சட்டென்று நிறுத்திக்கொண்டார். "ஏட்டி, அதுக்கு நோவுது. நான் இருந்து சிரிச்சுக்கிட்டிருக்கேன். நாளைக்கே வண்டியக் கூப்பிடு" என்றார்.

தெரிந்த பையன் ஒருவனின் ஆம்னி வேனில் நாகர்கோவிலில் ஒரு நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். மைனி பின்சீட்டில் நாயோடு உட்கார்ந்தார். டாக்டர் நாமக்கல் பக்கத்துக்காரர், அமைதியானவர். முதலில் இடுப்பை, பிறகு ஒவ்வொரு மூட்டையும் மடக்கிப் பார்த்தார். நாய் சும்மா இருந்தது. அப்புறம் வலது முன்காலின் நீள எலும்பை விரல்களால் அழுத்திக்கொண்டே மேலே போனார். ஓர் இடத்தில் நாய் அலறியது. எங்கள் வீட்டுக்கு வந்து அத்தனை மாதத்தில் அதன் குரலை அன்றுதான் கேட்டோம். மைனி டாக்டரின் கையைப் பிடித்துவிட்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் உள்பக்கம் வெள்ளையாக மேகம் படிந்தாற்போல இருந்ததை டாக்டர் காட்டினார்.

"மூட்டுல கோளாறு இல்லீங்க. எலும்பு வளரும்போது வர்ற நோவு இது. பெரிய சாதிக் குட்டிகளுக்கு வரும். இப்ப ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்னு மாறிட்டே இருக்கும். ரெண்டு வயசுக்குள்ள தானா நின்னுடும்."

"தானா நிக்குமா?" என்றேன். தானாக வந்து, காலுக்குக் கால் மாறி, தானாகப் போகிற நோய் ஒன்று இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மைனி கேட்டார்: "ஆளப் பாத்துப் படிக்கியது இல்லியே டாக்டரே?"

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். அவர் மைனியின் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "இல்லீங்கம்மா. எக்ஸ்ரேயில தெரியுதே. அதுக்கு வலிக்குது, அதான் நொண்டுது" என்றார். மைனி தலையாட்டினார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

டானிக் பாட்டிலைக் காட்டினேன். இதை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். பெரிய சாதிக் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கூடுதலாக ஊட்டினால் எலும்பு கெடத்தான் செய்யுமாம். வலி இருக்கும்போது மட்டும் சாப்பாட்டோடு கொடுக்க ஒரு மாத்திரை எழுதினார். நாம் போட்டுக்கொள்ளும் வலிமாத்திரையை ஒருநாளும் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம் என்றார். கடைசியாகச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். குட்டி மெதுவாக வளர வேண்டும், தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

"உடம்பு வைக்கலன்னு டாக்டர்ட்ட போனவங்க உண்டு. இவரு மெலிய வைக்கச் சொல்லுதாரு" என்று வேனில் வரும்போது மைனி சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த பல மாதம் எங்கள் வீட்டில் சண்டை அதைப் பற்றித்தான். நான் அளந்து வைப்பேன். நாய் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நெற்றியைச் சுருக்கிப் பார்க்கும். மைனி அடுக்களைப் பக்கம் போய்வந்தால் அதன் வாயில் மரச்சீனிக்கிழங்கு வாசம் அடிக்கும். "நீங்க குடுத்தீங்களா?" என்றால், "கீழ விழுந்ததத் தின்னுருக்கும்" என்பார். நான் அதன் விலாவைத் தடவிப் பார்ப்பேன். எலும்பு தட்டுப்படுகிறதா, தோல் மடிப்பா என்று ஒவ்வொரு நாளும் சந்தேகம்தான். சித்திரை வெயிலில் வேறு பயம். அந்தக் கட்டை மூக்குக்குச் சூடு தாங்காது என்பதால் விடிவதற்குள் நடத்திக்கொண்டு வந்துவிடுவோம். பகலில் ஈரச்சாக்கில் படுக்க வைத்து, மெஷினுக்குப் போட்டிருந்த மின்விசிறியை மைனி அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் வியர்வையில் தைத்தார். முகத்து மடிப்புகளைத் தினமும் துடைத்தோம்.

நொண்டல் இன்னும் இரண்டு முறை வந்தது. ஒருமுறை இடது முன்கால். அப்புறம் மறுபடியும் இடது பின்கால். அன்று நான் மைனி கண்ணில் படாதபடி அவசர அவசரமாக நாயைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மைனி ஜன்னலிலிருந்து, "எனக்குத் தெரியும், காலையிலேயே பாத்தாச்சு. மாத்திரையைக் குடு" என்றார். பிறகு மெஷினை மிதித்தார்.

அடுத்த வருடம் கணவர் லீவில் வந்தார். டாக்ஸியிலிருந்து பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், நாய் வாசல்படியை அடைத்துக்கொண்டு நின்றது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

"என்னட்டி இது? வீடியோவில தினம் பாக்குதேன். என்னத் தெரியலியா இதுக்கு?"

"மக்கா, நம்ம ஆளுதான்" என்றேன். அசையவில்லை. மைனி வந்து முதுகில் கை வைத்த பிறகுதான் விலகியது. தன் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரிக் கால் வைத்து அவர் நுழைந்தார். அப்புறம் பத்துப் பதினைந்து நாளில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். காலை நடை அவர் பொறுப்பானது. நான் அளந்து வைத்த சாப்பாட்டுக்கு மேல் அவர் பிஸ்கட் கொடுத்தார். அக்காவும் தம்பியும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

அவர் திரும்பிப் போன மறுநாள் நாய் நொண்டியது.

அதற்கு இரண்டு வயது முடிந்திருந்தது. இனி வராது என்று டாக்டர் சொன்னதை நம்பியிருந்தோம். மறுபடியும் வேன், மறுபடியும் நாகர்கோவில். டாக்டர் நான்கு காலையும் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். எங்கும் அது முகம் சுளிக்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெளிவாக இருந்தது, இடுப்பும் நன்றாக இருந்தது.

"எனக்கும் பிடிபடலீங்க. மருந்து வேணாம். ஒரு வாரம் பாக்கலாம்" என்றார்.

திரும்பும்போது தோவாளையில் வேனை நிறுத்தினான் பையன். டீ வாங்கி வந்தான். நாய் இறங்கி, சாலையோரப் புளியமரத்தைச் சுற்றி மோந்து பார்த்து நடந்தது. மூன்று பேரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கால்களையே பார்த்தோம்.

"வலது பின்னங்காலு, பாத்தீங்களா?" என்றேன்.

"இடது" என்றார் மைனி.

"எனக்கு முன்னங்காலு மாதிரில்லா தெரியுது" என்றான் பையன்.

நாய் மரத்தை இன்னொரு சுற்று சுற்றியது. நான் குனிந்து பார்த்தேன். மைனி தன் பக்கத்திலிருந்து சாய்ந்து பார்த்தார். நொண்டுகிறது என்பதில் மட்டும் எங்களுக்குள் சந்தேகம் இல்லை. பிறகு அதுவும் உறுதியாகத் தெரியவில்லை. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு, மூவரும் சேர்ந்து அதைத் தூக்கி வேனில் ஏற்றினோம்.