இடுப்பு வலி இல்லை

அந்த மூன்று மாதமும் ஜீவராணிக்கு அறவே பிடிக்காமல் போன சொல் "ஒக்காரு" என்பதுதான். வயிறு வெளியே தெரியத் தொடங்கியதிலிருந்து அதைச் சொல்லாத வாயில்லை. லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். குழாயடியில் நின்றால் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் சொல்வார்கள். மாமியார் ராசம்மா ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்வாள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆத்திரத்தைக் கிளப்பியதே அதுதான். திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டலாம். அன்பாகச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

உட்கார்ந்தால்தான் அவளுக்கு உயிர் போனது.

ஏழு மாதம், இரண்டாவது பிள்ளை. முதுகு முடிந்து பிட்டம் பிரிகிற இடத்தில், சரியாக நடுவில், ஒரு விரல் நுனி அகலத்துக்கு ஐந்தாம் மாதத்தில் அந்த வலி வந்தது. முதலில் நமநமவென்றுதான் இருந்தது. போகப்போக, உட்கார்ந்து எழும்போதெல்லாம் ஆணி இறங்கியது போலக் குத்தியது. நடந்தால் தாங்கிக்கொள்ளலாம். நின்றால் ஓரளவு குறையும். பலகையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாலோ, எழுந்திருக்க இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும்.

மடுல்சீமைக்கு மேலே இருக்கிற அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு லேசு வேலை என்று ஒன்று உண்டு. கூடை சுமக்க வேண்டாம், மலை ஏற வேண்டாம். நாற்று மேடையில் தரையோடு தரையாகக் கிடக்கும் பலகையில் உட்கார்ந்து, சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளுக்கு மண் நிரப்ப வேண்டும். காலையிலிருந்து பின்னேரம்வரை அதே பலகை, அதே மண். தோட்டம் செய்கிற பெரிய உபகாரம் இது என்று எல்லோருக்கும் நினைப்பு. மலையில் அட்டை கடிக்க நிற்கிற பெண்கள், "ஒனக்கென்னடி, ராணி மாதிரி ஒக்காந்துக்கிட்டு" என்று கேலி பேசிவிட்டுப் போவார்கள். ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டு மண் அள்ளுவாள்.

வலிக்கிற இடத்தைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வாள்? இடுப்பு என்பது நம் பெண்களுக்குப் பெரிய தேசம். விலா எலும்பு முடிகிற இடத்தில் தொடங்கித் தொடை வரைக்கும் எங்கே நொந்தாலும் இடுப்பு வலிதான். அதற்குள்ளே இருக்கிற ஊர்களுக்குப் பெயர் கிடையாது. இருக்கிற ஒரு பெயரையும் சண்டையில்தான் சொல்வார்கள். ஆகையால் ஜீவராணியும் இடுப்பு வலி என்றே சொன்னாள். ராசம்மாவிடம் சொன்னாள், கணவன் ஜெயகுமாரிடம் சொன்னாள், கணக்கப்பிள்ளை ரெங்கசாமியிடமும் அதையேதான் சொன்னாள்.

அந்தச் சொல் அவள் காலை வாரிவிட்டது. ஆறாம் மாதத்தில் ஒரு நாள் பலகையிலிருந்து எழும்போது வலி சுரீரென்று பிடித்துக்கொள்ள, "அய்யோ, இடுப்பு!" என்று கத்திவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி இடுப்பு என்று கத்தினால் என்ன அர்த்தம்? "புள்ளைக்கு இடுப்பு வலி கண்டிருச்சி" என்று நாற்று மேடையில் ஒருத்தி கூவ, அது லயம்வரை ஓடியது. ராசம்மா தலைவிரி கோலமாக வந்து சேர்ந்தாள். கொழுந்து லொறியை மறித்து, சாக்குகளுக்கு மேல் அவளை உட்காரவைத்து, குண்டும் குழியுமான பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு குழிக்கும் அவள் அலறினாள். அலற அலற, பிள்ளை பாதி வழியிலேயே பிறந்துவிடும் என்று டிரைவர் இன்னும் வேகமாக மிதித்தான்.

பிள்ளை பத்திரமாக உள்ளேதான் இருந்தது. ஒன்றுமில்லை என்று இரண்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தோடு அவள் மானம் கப்பலேறியது. "பொய் வலிக்காரி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் முகம் சுளித்தால்கூட ராசம்மா, "இன்னொரு தரம் லொறி வராதுடி" என்பாள். ஜெயகுமார் சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவே இல்லை.

அடுத்த கிளினிக் பதுளையில். விடிந்ததும் பஸ் ஏறினாள். முன் ஆசனத்தைக் காட்டி, "அக்கா, இந்தா சீட்டு இருக்குல்ல, ஒக்காருங்க" என்றான் கண்டக்டர். வேண்டாமென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பசறை தாண்டுவதற்குள் முழு பஸ்ஸும் அவளை உட்காரச் சொல்லிவிட்டது. "விழுந்து கிழுந்து வச்சா நாங்கதான பதில் சொல்லணும்" என்று கண்டக்டர் கத்தினான். வளைவு மேல் வளைவு வருகிற பாதை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு தொடையை மட்டும் ஆசன விளிம்பில் வைத்து, பாதி நின்று பாதி உட்கார்ந்து, பதுளைவரை உள்ளுக்குள் அத்தனை பேரையும் வைது தீர்த்தாள்.

கிளினிக்கில் உட்கார நீளமாக வாங்குகள் போட்டிருந்தார்கள். எல்லா வாங்கிலும் வயிற்றோடு பெண்கள். சுவரோரமாக ஒருத்தி மட்டும் நின்றாள். முக்காடு போட்ட முஸ்லிம் பெண், பசறை டவுன்காரி, பெயர் நஸ்லியா. ஜீவராணியும் வந்து சுவரில் சாய்ந்ததைப் பார்த்ததும் அவளாகவே கேட்டாள்.

"ஒங்களுக்கும் ஒக்கார ஏலாதா?"

ஜீவராணி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இடுப்பு வலிங்க" என்றாள்.

"இடுப்பா, வால் எலும்பா?"

"அப்படின்னா?"

நஸ்லியா வெட்கப்படவில்லை. தன் கையைப் பின்னால் கொண்டுபோய், நடுவில், சரியாக அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ஜீவராணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மூன்று மாதத்தில் யாரும் தொடாத இடம். அதற்கு ஒரு பெயர் இருந்தது, அதே நோவு இன்னொருத்திக்கும் இருந்தது. தேற்றுவதற்குப் பதிலாக நஸ்லியா தனக்கு டொக்டர் சொல்லித் தந்ததையெல்லாம் சொன்னாள். பின்பக்கம் வெட்டிவிட்ட மெத்தைத் துண்டு இருந்தால் அந்த எலும்பு தரையில் படாது. உட்கார்ந்தாலும் முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான். படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. "இடுப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா தைலம்தான் தருவாங்க" என்றாள்.

உள்ளே சிங்கள டொக்டர், சின்ன வயதுப் பெண். வழக்கமான கேள்வியைத்தான் கேட்டாள். "கொந்த அமாருத?" இடுப்பு நோகிறதா என்று அர்த்தம். முதுகு, இடுப்பு எல்லாவற்றுக்கும் அவர்களுக்கும் கொந்த என்ற ஒரே சொல்தான். ஒவ்வொரு தடவையும் ஜீவராணி தலையாட்டியிருக்கிறாள், தைலம் வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு இல்லையென்று தலையசைத்தாள். டொக்டரின் கையைப் பிடித்து, திரும்பி நின்று, அந்த இடத்தில் வைத்தாள். டொக்டர் மெல்ல அழுத்தியதும் அறை அதிரக் கத்தினாள்.

டொக்டர் தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் நஸ்லியா அந்த இங்கிலீசை வாசித்துச் சொன்னாள். "இருவது நிமிசத்துக்கு மேல ஒக்கார வைக்கக் கூடாது. லேசு வேலதான், ஆனா நின்னு செய்யிற வேலயா குடுக்கணுமாம்."

அடுத்த நாள் காலை பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது ஜீவராணி கடிதத்தோடு முன்னால் போய் நின்றாள். ரெங்கசாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடிதத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது ஒரு சொல்தான்.

"லேசு வேலைனுதானம்மா போட்டிருக்கு. அதத்தான குடுத்திருக்கோம். போய் ஒக்காரு."

கையில் இருந்த புத்தகத்தில், காரணம் என்ற இடத்தில் "இடுப்பு வலி" என்று எழுதவும் தொடங்கிவிட்டார். அந்தப் புத்தகத்தில் இடுப்பு வலி என்று ஏறினால் அடுத்தது பலகைதான். அது தோட்டத்துக்கே தெரியும்.

"இடுப்பு வலி இல்லீங்க. அடிங்க அத."

"பின்ன?"

"வால் எலும்புல வலி."

ரெங்கசாமி நிமிர்ந்தார். "வாலா? மனுசனுக்கு ஏதும்மா வாலு?"

களமே கொல்லென்று சிரித்தது. "பொய் வலிக்காரிக்கு வாலு மொளைச்சிருச்சி" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஜீவராணிக்குக் காதெல்லாம் சூடேறியது. பதுளைவரை போய்க் கொண்டுவந்த கண்ணியமான சொல் ஒரே நொடியில் சந்தி சிரித்துவிட்டது. இனி என்ன கண்ணியம் வேண்டிக் கிடக்கிறது?

"குண்டி எலும்புங்க!" என்று கத்தினாள். "குண்டி! புரியுதா? அதுதான் வலிக்குது. மூணு மாசமா அது மேலதான் என்னய ஒக்கார வச்சிருக்கீங்க. நாத்துக்குத் தண்ணி ஊத்துற வேலைய குடுங்க, நின்னுக்கிட்டு செய்யிறேன். பலகைல இனி ஒக்கார மாட்டேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ராசம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இத்தன ஆம்பளைங்க நிக்கிறாங்க. மானத்த வாங்காதடி!"

"மானம் அங்க இல்ல அத்தை. அங்க எலும்புதான் இருக்கு."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நான்கு பிள்ளை பெற்ற ஒருத்தி, "எனக்கும் அங்கதான். நாலாவதுக்குப் பொறகு நேரா ஒக்காந்ததே இல்ல" என்றாள், யாரிடம் என்றில்லாமல். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் "ஆமா" என்று மட்டும் சொன்னாள். ராசம்மாவின் பிடி தளர்ந்தது.

ரெங்கசாமி பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"தண்ணி ஊத்தவே போம்மா. ஆனா இத எப்பிடி புத்தகத்துல எழுதறது? தொர பாப்பாரே."

"பாக்கட்டும். தொரைக்கும் அது இருக்குல்ல? எழுதுங்க."

எழுதாமல் அவள் போகமாட்டாள் என்று தெரிந்தது. பெண்களில் ஒருத்திகூட மலைக்கு நகரவில்லை. ரெங்கசாமி முன்பு எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் குனிந்து, "குண்டி எலும்பு வலி" என்று மெதுவாக எழுதினார். எட்டாம் வகுப்புவரை படித்த ஜீவராணி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுத்து எழுத்தாக இரண்டு தரம் வாசித்த பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள்.