ஃபேரர் பார்க்கில் அடுக்கிய மூன்று தட்டுகள்

பங்குனியில் எங்கள் குலசாமி கும்பிடு. அதற்கு அழைக்க அண்ணன் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். நாங்கள் சிங்கப்பூரில், செம்பவாங்கில் குடியேறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் கும்பிடில் வைக்கும் முதல் பொங்கல் பானை என்னுடையதுதான், ஒரு வருடமும் விட்டதில்லை.

போன ஞாயிறு அண்ணனைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கினோம். முக்கால் மணி நேரம், ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு வெள்ளி. (டாலரை இங்கே வெள்ளி என்போம்.) துளசி மாலை நான்கு வெள்ளி. ஊர் விலையோடு ஒப்பிட்டால் சாமி கும்பிட மனசு வராது, ஒப்பிடாதீர்கள்.

தரிசனம் முடிந்து சாப்பாட்டுக் கடைக்குப் போனால் ஒரே கூட்டம். தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது இங்கே வழக்கம். கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒருவர், "உக்காரலாமாக்கா?" என்று கேட்டு எதிரே அமர்ந்தார்.

அண்ணன் ஆரம்பித்தார். "எந்த ஊருப்பா?"

"திருவாரூர் பக்கம்ணே."

"அங்க எந்தத் தெரு?"

தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவரும் சளைக்கவில்லை, இந்த ஊர் 'லா' போட்டுப் பதில் சொன்னார்.

"இப்போ கிராஞ்சிண்ணே. மூணாவது மாடி, படிக்குப் பக்கத்துல. ஒருநாள் வாங்க லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. "ஊர்லடா. ஊர்ல எந்தத் தெரு?"

அதற்குப் பிறகு அந்தத் தம்பி நிமிரவே இல்லை. பாதிச் சோற்றோடு கையை எடுத்துவிட்டார்.

சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் எழுந்து, என் தட்டின்மேல் அண்ணன் தட்டையும், அதன்மேல் அவர் தட்டையும் அடுக்கினேன்.

"ஐயோ, வேணாம்க்கா!"

"இருக்கட்டும் தம்பி. போற வழிதானே."

வெளியே வந்ததும் அண்ணன் வெடித்தார். "எவன்னே தெரியாது, அவன் எச்சித் தட்டத் தொடுற?"

"அவரு உங்க தட்ட எடுத்திருந்தா சும்மாதானேண்ணே இருந்திருப்பீங்க?"

ரயில் ஏறியதும் அண்ணன் சொன்னார்: "சிங்கப்பூரு வந்து கெட்டுப்போயிட்ட. இந்தப் புத்தியோட கும்பிடுக்கு வராத. பானைய ஊர்ல இருக்குற தங்கச்சி வைக்கட்டும்."

சுருக்கென்றது. பானை என்றால் எனக்கு உயிர்.

இந்த ஊர் எனக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. தெருவைக் கேட்கிறவர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் பன்னிரண்டு வருடமாக எதிரே யார் உட்கார்ந்தாலும் எனக்குச் சோறு இறங்குகிறது. தினமும் விளக்கேற்றுகிறேன், சாமி கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இதற்குப் பெயர் கெட்டுப்போவது என்றால், கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஞாயிறன்று போகிறவர்கள் பதினொன்றரைக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். எதிரே வந்து அமர்பவரிடம் ரசம் எப்படி என்று கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள்.

பங்குனிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பெட்டியில் புதுப் பானையும் வருகிறது. தங்கச்சி பானைக்குப் பக்கத்திலேயே என்னுடையதும் பொங்கும். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் என் கையாலேயே பொங்கலைக் கொடுப்பேன். தடுக்கிறவர்கள் சாமி முன்னால் வந்து தடுக்கட்டும். அண்ணனிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.