ரிப்கா தனக்கு மட்டும் வைத்துக்கொண்டது

ரிப்கா தினமும் கம்பளையிலிருந்து காலை ரயிலில் கண்டிக்கு வந்து கடை திறப்பாள். குட்செட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன அறை. போட்டோக் கொப்பி எடுப்பாள், கடிதம் டைப் பண்ணிக் கொடுப்பாள், கம்ப்யூட்டர் திருத்துவாள். பன்னிரண்டு வருடத் தொழில். "திருத்துறவர் இல்லியா?" என்று படியேறி வந்து கேட்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். திருத்துறவர் அவள்தான் என்று பஸ்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

அவளுடைய சொந்த மெஷின் எங்கோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்டது. விண்டோஸ் ஏற்றினால் மூச்சு வாங்கும். அதனால் ஆறு வருடத்துக்கு முன் விண்டோஸுக்குப் பதிலாக அதில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டாள். யாரும் காசில்லாமல் எடுத்துப் போடலாம், யாருக்கும் கொடுக்கலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். அவளுக்குப் பிடித்தது வேறொன்று. முதலில் வெறும் அடித்தளத்தை மட்டும் போட்டாள். பிறகு, இலேசான ஒரு முகப்புத் திரை, கடிதம் எழுத ஒன்று, தமிழ் விசைப்பலகை, பிரிண்டர் ஓட ஒன்று என்று தனக்கு வேண்டியதை மாத்திரம் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். வேண்டாததை எடுத்தாள். அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாத எதுவும் இல்லை. ஆறு வருடத்தில் ஒரு நாளும் அது அவளைக் கைவிடவில்லை.

வாடிக்கையாளர்களுக்கு அவள் போட்டுக் கொடுத்தது அதுவல்ல. திருட்டு விண்டோஸ். காசு கட்டாமல் விண்டோஸின் பூட்டை உடைக்கும் ஒரு சின்ன மென்பொருளை எங்கோ ஓர் இணையத் தளத்திலிருந்து இறக்கி வைத்திருந்தாள். அதை ஓட்டுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்த வேண்டும். நிறுத்துவாள், ஓட்டுவாள். முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடியும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

லோஜினியின் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் செய்தாள்.

லோஜினி தெல்தோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் சங்கத்தை நடத்தி வந்தாள். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், ஈ.பி.எப். சேமலாபப் புத்தகத்தில் மூன்றாவது பெயர் இருக்கும். ஓர் எழுத்து மாறினால் போதும், அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைய வைப்பார்கள். இந்தப் பிழைகளைத் திருத்துவதற்காக ஐந்து வருடமாக வீடு வீடாகப் போய், ஆயிரத்து எண்ணூறு குடும்பங்களின் விபரத்தைச் சேர்த்திருந்தாள். தாத்தா எந்த மலையில் வேலை செய்தார், எந்த வருடம் எந்த லயத்து வீட்டுக்கு மாறினார் என்று கேட்டுக் கேட்டு எழுதியது. அதையெல்லாம் டைப் பண்ணியவள் வீரம்மா. இருபது வருடம் கொழுந்து பறித்துவிட்டு, நாற்பத்திரண்டாவது வயதில் கீபோர்டைத் தொட்டவள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, லோஜினி கம்ப்யூட்டரை ஒரு பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

"அக்கா, ஒண்ணுமே தொறக்குதில்ல. பைல் பேரெல்லாம் என்னமோ மாறிக் கெடக்கு. காசு கேட்டு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வருது."

ரிப்காவுக்கு அது என்னவென்று உடனே விளங்கியது. தன் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி உள்ளே பார்த்தாள். எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டிருந்தன. பிரதி எடுத்து வைத்த டிஸ்க்கும் அந்த நேரம் மெஷினிலேயே சொருகியிருந்ததால் அதுவும் போய்விட்டது. பிறகு கோப்புகள் மாறிய திகதியையும் நேரத்தையும் பின்னோக்கித் தேடினாள். பூட்டிய வைரஸ் எங்கிருந்து கிளம்பியது என்பது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவளே வைத்த அந்தச் சின்ன மென்பொருள் இருந்த கோப்புறையிலிருந்து.

"எப்படி அக்கா வந்திச்சி இது?" என்று லோஜினி கேட்டாள்.

ரிப்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பென் டிரைவ்ல வந்திருக்கும்," என்றாள்.

லோஜினி கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். "வீரம்மாக்கா போன கெழமதான் ஒண்ணு கொண்டாந்தாங்க. தங்கச்சி கல்யாணப் படம் பாக்கணும்னு."

மறுத்துச் சொல்ல அப்போது ஒரு வினாடி இருந்தது. ரிப்கா அந்த வினாடியைப் போகவிட்டாள். பூட்டிய கோப்புகளைத் திறக்க முடியாது என்று மட்டும் சொல்லி, மெஷினுக்குள் இருந்ததையெல்லாம் அழித்துத் திரும்பக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. லோஜினி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றிதான் ரிப்காவை முதலில் குத்தியது.

அதன் பிறகு யாராவது ஒரு மெஷினைக் கொண்டுவந்து "சாதாரணமா போடுற மாதிரியே போடுங்க" என்றால் அவள் கை நின்றுவிடும். மதியத்து ளுஹர் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதாள் என்ற எண்ணிக்கை தப்பும். மூன்று கிழமை கழித்து லோஜினி வேறு ஏதோ விஷயமாகப் போன் எடுத்தாள். பேச்சோடு பேச்சாக, "வீரம்மாக்கா இப்ப வாறதில்ல. நாங்க ஒண்ணும் சொல்லல்ல. அவங்களே நின்னுட்டாங்க. திரும்ப மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறாங்க," என்றாள்.

அன்று பின்னேரம் வீட்டில், பல்லேகல தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வந்த கணவன் ஷிராஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ வேணும்டு செஞ்சதில்லயே," என்றான் அவன். "கண்டியில எல்லாரும் அப்பிடித்தான் போடுற. இப்ப போய்ச் சொன்னா கடைக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

"எல்லாரும் செய்றண்டு எனக்கும் தெரியும். பொய் சொன்னது எல்லாருமா? நான் தானே."

"தெல்தோட்டைக்கு எப்ப போற?" என்று ஷிராஸ் கேட்டான்.

அடுத்த பௌர்ணமி, போயா விடுமுறை நாள், கடையைப் பூட்டிவிட்டு, கலஹா வழியாகப் போகும் பஸ்ஸில் தெல்தோட்டைக்குப் போனாள். சங்கத்து அறையில் லோஜினி தனியாக இருந்தாள். ரிப்கா உட்காராமலே சொன்னாள். பூட்டு உடைக்கும் மென்பொருள், நிறுத்திய காவல், அன்று பார்த்த நேரங்கள், பென் டிரைவ் என்று சொன்ன பொய், எல்லாம்.

லோஜினி சத்தம் போடவில்லை. கேள்வி கேட்டாள்:

"ஒங்க கடையில ஒங்க மெஷின் ஒண்ணு இருக்குமே. அதுல என்ன போட்டிருக்கீங்க?"

"லினக்ஸ்."

"அதுல இந்த மாதிரி திருட்டுச் சாவி போட வேணுமா?"

"இல்ல. அதுக்குப் பூட்டே இல்ல."

"அப்ப எங்களுக்கு ஏன் அத போடல்ல?"

வரும் வழியெல்லாம் ரிப்கா பல கேள்விகளுக்குப் பதில் யோசித்து வைத்திருந்தாள். இதை யோசிக்கவில்லை. உண்மையான பதில் மிகச் சின்னது.

"புதுசுண்டா சொல்லிக் குடுக்கணும். நீங்க போன் பண்ணிக் கேப்பீங்க. நேரம் போகும்டு நெனச்சேன்."

"எனக்கிட்டச் சொன்னது போதாது," என்று லோஜினி எழுந்தாள். "வாங்க."

போயா விடுமுறையாக இருந்தாலும் அன்று, அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தார்கள். நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வீரம்மா கூடையை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரிப்கா சொல்லச் சொல்ல அவள் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

"அப்ப நான் இல்லியா?" என்றாள் கடைசியில்.

"நீங்க இல்ல அக்கா. நான்."

"நான் நாப்பத்தஞ்சு வீட்டுக்குப் போனேன்," என்றாள் வீரம்மா. "ஒங்க வெவரத்த நான்தான் அழிச்சிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொன்னேன். சில பேரு உள்ள கூப்புட்டு தேத்தண்ணி குடுத்தாங்க. சில பேரு கதவ சாத்துனாங்க." முகத்தை மறுபடி துடைத்தாள். "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

ரிப்கா அழுதாள். வீரம்மா அவளைத் தேற்றவில்லை. திரும்பிப் போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

அடுத்த ஞாயிறு ரிப்கா மறுபடி போனாள். வீரம்மா போய்ச் சொன்ன அதே நாற்பத்தைந்து வீடுகளுக்கும் போய், தவறு தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு நான்கு ஞாயிறுகள் தேவைப்பட்டன. மூன்றாவது ஞாயிறு, வழி காட்ட ஆள் இல்லாமல் ஒரு லயத்தில் அவள் தடுமாறி நின்றபோது, வீரம்மா தானாக வந்து கூட நடந்தாள். கடைசி வீடு வரை வந்தாள்.

சங்கத்தின் மெஷினில் என்ன போடுவது என்பதை இம்முறை ரிப்கா முடிவு செய்யவில்லை. லோஜினியும் வீரம்மாவும் கேள்வி கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். அரசாங்கக் கந்தோர் அனுப்பும் படிவம் திறக்குமா? பெரும்பாலும் திறக்கும், சிலது கோணும். பழைய மெஷினே போதுமா? போதும். நீங்க கடையை மூடிட்டா யாரு பாக்குறது? லினக்ஸ் தெரிந்த யாரும் பார்க்கலாம், அது என் பொருள் இல்லை. இது இருந்தா ஒண்ணுமே ஆகாதா? அப்படிச் சொல்ல மாட்டேன், பிரதி எடுத்த டிஸ்க்கை எப்போதும் கழற்றி வைக்க வேண்டும்.

வீரம்மா கடைசியாக ஒன்று கேட்டாள். "உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்கு ஒவ்வொண்ணா காட்ட முடியுமா? எனக்கு தெரியாதது ஒண்ணும் அதுல இருக்கக் கூடாது."

"முடியும்," என்றாள் ரிப்கா. வெறும் அடித்தளத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, எதற்கு என்று சொல்லி, வீரம்மா சரி என்ற பிறகே சேர்த்தாள். அதற்கு ஒரு முழு நாள் போனது. வீரம்மா அடுத்த கிழமை வேலைக்குத் திரும்பினாள்.

கடையில் ரிப்கா தன் பழைய பில் புத்தகங்களைப் பார்த்து, கிடைத்த எல்லா நம்பருக்கும் அழைத்து, தான் போட்டுக் கொடுத்தது ஆபத்தானது என்று சொன்னாள். சிலர் ஏசினார்கள். "ஓடுறது ஓடட்டும், விடுங்க" என்று பலர் சொன்னார்கள். முப்பது பேரளவில் லினக்ஸுக்கு மாறினார்கள். சிலர் காசு கொடுத்து ஒழுங்கான விண்டோஸ் வாங்கினார்கள். ஷிராஸ் சொன்னதுபோல வரும்படியும் குறைந்தது, கடை மூடும் அளவுக்கு இல்லை.

ஆயிரத்து எண்ணூறில் ஆயிரத்து இருநூறு குடும்பங்களின் காகிதப் படிவங்கள் சங்கத்து அலுமாரியில் இருந்தன. அவற்றைத் திரும்ப டைப் பண்ணினார்கள். மீதியைத் திரும்பவும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள். ஞாயிறுகளில் ரிப்காவும் போனாள். அப்படித்தான் பாலம்மாவின் வீட்டுக்கும் போனார்கள்.

பாலம்மாவின் கணவர் காளிமுத்து மே மாதம் இறந்திருந்தார். அவருடைய அப்பாவின் பெயர் எப்படித் தவறாகப் பதிவானது, எந்தத் தோட்டத்தில், எந்த வருடம் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். ஒரு தரம் அவர் ஒன்றும் விடாமல் சொல்ல, வீரம்மா அப்போதே காகிதத்தில் எழுதாமல் நேரடியாகக் கம்ப்யூட்டரில் அடித்திருந்தாள்.

"எனக்கு ஞாபகமில்லம்மா," என்றாள் பாலம்மா. "அவரு ஒங்ககிட்டதான சொன்னாரு. நீங்க எழுதி வச்சிருப்பீங்கன்னு இருந்தேன்."

வீரம்மா ரிப்காவைப் பார்த்தாள். இம்முறை ரிப்கா தாமதிக்கவில்லை. "எழுதி வச்சது என்னாலதான் போயிட்டுதும்மா," என்றாள்.

பாலம்மா அதை முழுதாக விளங்கிக்கொண்டாளா என்று தெரியவில்லை. தெரிந்த மட்டும் சொல்லத் தொடங்கினாள். ரிப்கா எழுதினாள். மாமனாரின் சரியான பெயர், அவர் பிறந்த தோட்டம் என்ற இரண்டு இடங்களும் வெறுமையாகவே இருந்தன.