செவலை பறித்த குழி

ஈர மண்ணை நாய் பறிக்கிற சத்தம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பறக் பறக் என்று கேட்கும். அடுப்படியில் இருந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும்... இன்றைக்குக் கத்தரி நாற்று போச்சு என்று.

வயது தொண்ணூறைத் தாண்டியாயிற்று. நான் சொல்லச் சொல்லப் பேரன் மனைவி போனில் தட்டுகிறாள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே மூச்சு வாங்குகிறது.

கோயமுத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்து இருபது வருஷம் போல ஆகியிருந்த சமயம். கிணத்துக்கடவில் இருந்து கல்யாணமாகி மில்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு ஒன்றுக்கு வந்தேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு வெறும் மண்.

நான் வந்த வண்டிக்குப் பின்னாலேயே எங்கள் தோட்டத்து நாயும் ஓடி வந்துவிட்டது. செவலை என்று பேர். வீட்டுக்காரர் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"நமக்கே எடம் பத்தலை. இதை எங்க அம்மணி படுக்க வெக்கறது?"

விடியற்காலையில் மில் சங்கு ஊதினால் போகிறவர் பொழுது சாய்ந்துதான் வருவார். ஸ்பின்னிங்கில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு ஒட்டி, இருபத்தைந்து வயதிலேயே கிழவர் மாதிரி வந்து நிற்பார். பேசவும் தெம்பு இருக்காது. சாப்பிட்டதும் தூக்கம்.

எனக்குப் பேச்சுத்துணை நாயும் அந்த மண்ணும்தான். ஓட்டாஞ்சில்லும் செங்கல் துண்டும் பொறுக்கிப் போட்டு, கொத்தி, பால்காரரிடம் சாணி கேட்டு வாங்கிப் பாத்தி கட்டினேன். அவரை, கத்தரி, மிளகாய், ஓரமாகச் செண்டுமல்லி. அம்மா முந்தானையில் முடிந்து கொடுத்த விதைகள். தெருக்குழாயில் வரிசையில் நின்று கொண்டுவரும் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். இடுப்பு விட்டுப்போகும்.

நான் ஊற்றிவிட்டு உள்ளே வருவேன். செவலை போய்ப் பறித்துவிட்டு, அந்தக் குழியில் வயிற்றை அமுக்கிப் படுத்துக்கொள்ளும். முள் வெட்டிப் போட்டேன், முள்ளைத் தாண்டிப் போனது. பிறகுதான் புரிந்தது. செடிமேல் அதற்கு ஒன்றும் பகையில்லை... வெயில் தாங்கவில்லை. அந்த வீட்டில் ஈரம் இருந்த ஒரே இடம் என் பாத்திதான்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் வந்தது. செவலையைக் கூட்டிப்போக முடியாது. அங்கே அதற்குள் வேறு இரண்டு நாய்கள் வந்துவிட்டன, உள்ளே விடாது. கோடை வேறு தொடங்கியிருந்தது. குழாயில் நூல் மாதிரித்தான் தண்ணீர்.

"செடி வேணுமா, நாய் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடு அம்மணி. என்னால ரெண்டையும் பாக்க முடியாது."

"ரெண்டும் வேணுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். என்ன செய்வாரோ என்ற கவலையோடுதான் அம்மா வீட்டில் அத்தனை மாதமும் கிடந்தேன். நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். பிள்ளையைப் பார்க்க வந்தவரிடம் கேட்டேன்.

"செவலை இருக்குதுங்களா?"

"இருக்குது."

"செடிங்க?"

"இருக்குது, இருக்குது."

வைகாசிக் கடைசியில் கைக்குழந்தையோடு திரும்பினேன். பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் பின்னால் போய்ப் பார்த்தால்... அவரைப் பந்தலில் காய்ந்த கொடி மட்டும். கத்தரி, மிளகாய் எல்லாம் சுள்ளி. நடுவில், நான் ஆசையாகக் கட்டின பாத்தி இருந்த இடத்தில் ஒரு பெரிய குழி. அதில் மட்டும் ஈரம். செவலை எழுந்து உதறிக்கொண்டு வந்து என் சேலையெல்லாம் சேறாக்கியது.

நாய் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவள், செடிகளைப் பார்த்து அழுதேன். அவ்வளவு தண்ணீர் சுமந்த இடுப்பு அல்லவா.

"ஒரு கொடந்தான் மிஞ்சுது அம்மணி. செடிக்கு ஊத்தலாம்னு போனா, அது என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்குது. நான் என்ன பண்றது?"

அவரோடு பேசாமல் இருந்தேன்.

மறுநாள் பொழுது சாய, பஞ்சுத் தலையோடு வந்தார். முகம் கழுவவில்லை, காபி கேட்கவில்லை. ஒரு குடத்தைத் தூக்கிப்போய்க் குழியில் ஊற்றினார். செவலை இறங்கிப் படுத்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் அந்தச் சேற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாய் அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்தது.

குழி ஓரத்தில் இரண்டு குதிகால் பள்ளம் நன்றாகப் பதிந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். கோடை முழுக்க இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். என் கோபம் அங்கேயே போய்விட்டது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மழை வந்ததும் மறுபடி விதை போட்டேன், குழியைச் சுற்றித்தான். செவலை போன பிறகும் அதை மூடவில்லை.

இப்போது நாலாவது மாடி. குழாயைத் திருப்பினால் தண்ணீர் கொட்டுகிறது. பால்கனித் தொட்டிகளில் செடி வாடுவதே இல்லை, மண்ணைப் பறிக்கவும் யாரும் இல்லை. இவர் போய் வெகுநாள் ஆயிற்று.

சாயங்காலமானால் எனக்குக் கால் வீங்கிவிடுகிறது. பேரன் மனைவி பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். தங்கமான பிள்ளை.

"நல்லா இருக்குதுங்களா ஆத்தா?" என்று கேட்கிறாள்.

"நல்லா இருக்குது கண்ணு" என்கிறேன். காலுக்கு அடியில் மண் இல்லாததை அவளிடம் என்னவென்று சொல்வது?